கடைசிப் பதினைந்து மைல்: வீடு திரும்புதல் குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்காவின் ஒரு கடற்கரையில் கிளம்பி மறு கடற்கரையைத் தொடும் நெடும்பயணங்களைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். மலை ஏறிய கதை, பாலைவனத்தில் டயர் வெடித்த கதை எல்லாம் விரிவாகவே கிடைக்கின்றன. வீட்டு வாசல் நெருங்கியதும் மட்டும் பெரும்பாலோர் பேனாவை மூடிவிடுகிறார்கள். இந்தப் பாராமுகத்தைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். கருதுகோள் எளியது: கண்டத்தைக் கடந்துவிடலாம்; சொந்தத் தெருவுக்குள் நுழைவதுதான் பாடு.

முதல் சான்று 1903-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் வெர்மான்ட் மாநிலத்து மருத்துவர். ஐம்பது டாலர் பந்தயத்துக்காக ஒரு வின்டன் காரை வாங்கி, சூவல் குராக்கர் என்ற மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு, வழியில் பட் என்ற புல்டாகையும் ஏற்றிக்கொண்டு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 63 நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். காரில் அமெரிக்காவைக் கடந்த முதல் மனிதர் அவர்தான். சாலை என்று சொல்லத்தக்கது அரிதாக இருந்த காலம். புழுதிக்குப் பயந்து நாய்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். அத்தனையும் தாங்கிய வண்டி, நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்பும் வழியில், வெர்மான்ட்டின் பர்லிங்டனில் உள்ள வீட்டுக்குச் சுமார் பதினைந்து மைல் இருக்கையில் படுத்துவிட்டது. உடன்பிறந்தவர்கள் இருவர் ஆளுக்கொரு காரில் உதவிக்கு வந்தார்கள். அந்தக் கார்களும் படுத்துவிட்டன. கடைசியில் ஜாக்சனே தன் வண்டியைச் சரிசெய்து, காப்பாற்ற வந்தவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். ஷெட் வாசலைத் தாண்டும்போது செயின் அறுந்தது. பயணம் முழுக்க மாற்ற வேண்டியிராத பாகம் அது. அந்த அக்டோபரில், சொந்த ஊரில் மணிக்கு ஆறு மைலுக்கு மேல் ஓட்டிய குற்றத்துக்கு அபராதமும் கட்டினார். இதைவிட வலுவான சான்று கேட்பது பேராசை.

ஆனாலும் இரண்டாவது சான்று இருக்கிறது, அது நோபல் பரிசு பெற்றவருடையது. 1960-இல் ஜான் ஸ்டைன்பெக், சின்ன லாரியின் முதுகில் ஓர் அறையைக் கட்டி, டான் குயிக்ஸாட்டின் குதிரையான ரோசினான்ட்டேயின் பெயரை அதற்கு வைத்து, சார்லி என்ற பூடில் நாயுடன் சுமார் பத்தாயிரம் மைல் சுற்றினார். வர்ஜீனியாவில் அபிங்டன் அருகே வரும்போதே அவர் மனத்தளவில் பயணம் முடிந்துவிட்டது. உடம்பும் வண்டியும்தான் பாக்கி. நியூயார்க்கின் ஆற்றடிச் சுரங்கப்பாதை வாயிலில், வண்டியில் பியூட்டேன் வாயு இருக்கிறது என்று போலீஸ்காரர் மறித்துவிட, படகேறி மன்ஹாட்டனை அடைந்தார். அங்கே மாலை நெரிசலில் சொந்த ஊரிலேயே வழி தவறி, ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். பாலைவனத்தில் தொலையாதவர் தன் வீட்டுப்பக்கத்தில் தொலைந்தார்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். திரும்பும் வழி போன வழியைவிடக் குறுகியதாகத் தோன்றும் என்று நீல்ஸ் வான் டி வென் குழுவினர் 2011-இல் ஆய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். போகும்போது எதிர்பார்த்ததைவிட நேரமாகிவிடுவதால், வரும்போது எதிர்பார்ப்பு நீண்டு, பாதை சுருங்கியதாகத் தெரிகிறதாம். மறுக்க ஒன்றுமில்லை. அவர்கள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் போய்வந்தவர்களைக் கேட்டார்கள். கழிவறையைக் கூடவே இழுத்துக்கொண்டு வந்தவர்களைக் கேட்கவில்லை.

ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியின் நாயகன் பிளாக் டேங்க், அதாவது கழிவறைத் தொட்டி. வீட்டில் அதைக் காலி செய்யப் பெரும்பாலும் வசதி இராது. ஆகவே வழியில், கழிவைக் கொட்டும் இடமான கடைசி டம்ப் ஸ்டேஷனைத் தேடி நிறுத்த வேண்டும். முதலில் பிளாக் டேங்க், பிறகு குளித்த, பாத்திரம் கழுவிய நீருள்ள கிரே டேங்க். சோப்புநீர் போனால்தான் குழாய் கழுவப்படும். இந்த வரிசையை மாற்றிவிட்டுப் பிறகு குழாயைச் சுருட்டுபவர் முகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். எல்லாம் காலியான பிறகும் சுவரிலுள்ள அளவுகாட்டி, தொட்டி மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருக்கிறது என்று சாதிக்கும். உள்ளே இருக்கும் உணர்முனைகளில் காகிதம் ஒட்டிக்கொள்வதே காரணம். உலகில் வேறெந்தக் கருவியும் இவ்வளவு நிதானமாகப் பொய் சொல்வதில்லை.

வாசலுக்கு வந்தாயிற்று. வண்டிக்கு 30 ஆம்பியர் வேண்டும், வீட்டுப் பிளக்கில் 15 ஆம்பியர்தான் இருக்கும். அடாப்டர் போட்டு ஏ.சி.யை ஓட்டினால் பிரேக்கர் விழும். ஃபிரிட்ஜைக் காலி செய்து, சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் குடியிருப்போர் சங்கம் எட்டிப் பார்க்கும்: வாசலில் வண்டி 24 மணி நேரமோ 48 மணி நேரமோதான் நிற்கலாம் என்பது பல சங்கங்களின் விதி. நாடு முழுக்க நிறுத்திய வண்டிக்குத் தன் வாசலில் இடமில்லை. மினசோட்டா போன்ற குளிர்ப் பகுதியானால் இன்னொரு வேலை. தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் போல விரிந்து குழாய்களை வெடிக்கவைக்கும் என்பதால், ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் வழிந்து வரும்வரை பம்பை ஓட்ட வேண்டும்.

இத்துறையின் உச்சச் சான்று 1969-இல் நடந்தது. நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ 11 வீரர்களை, நிலாக் கிருமி பயத்தால், சக்கரம் கழற்றிய ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் ஒன்றில் அடைத்தார்கள். ஜூலை 24-இல் மீட்புக் கப்பலின் மீது அவர்களுடன் ஜன்னல் வழியாகப் பேசினார் அதிபர் நிக்சன். ஒரு மருத்துவரும் ஒரு பொறியாளரும் உடன் இருந்தார்கள். நிலாவிலிருந்து பசிபிக் கடல் வரை மூன்று நாள். ஹூஸ்டனில் ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் வீடுகளுக்குச் சில மைல் தொலைவிலிருந்த ஆய்வுக்கூடத்துக்கு ஜூலை 28-இல் வந்தார்கள்; வெளியே விடப்பட்டது ஆகஸ்ட் 10-இல். ஆர்ம்ஸ்ட்ராங்கின் 39-ஆவது பிறந்தநாளும் உள்ளேயே கழிந்தது.

அவர்களுடைய ஹொனலுலு சுங்கப் படிவத்தில் சரக்கு: நிலவின் பாறை, நிலவின் தூசு. நோய் பரப்பும் நிலை ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு, இனிமேல்தான் தீர்மானிக்கப்படும் என்று பதில். பிறகு ஆல்ட்ரின் தன் பயணப்படியைக் கோரினார்: 33 டாலர் 31 சென்ட்.