எட்டுக் கிலோ அபிமானம்

சங்கீத வித்வான்களிடம் காப்பியைப் பற்றியோ, வெற்றிலையைப் பற்றியோ, சக வித்வானின் ஞானத்தைப் பற்றியோ கொஞ்சம் மாறுபட்ட அபிப்பிராயம் சொல்லிவிட்டுச் சேதமில்லாமல் வீடு திரும்பலாம். ஆனால் அவர்கள் வாசிக்கும் வாத்தியம் எந்த ஊரில் செய்யப்பட்டதோ, அந்த ஊர்ச் சரக்கைக் காட்டிலும் வேறோர் ஊர்ச் சரக்கு ஒருவேளை மேலானதாக இருக்கக்கூடுமோ என்று சந்தேகத் தொனியில் ஒரு வார்த்தையை நழுவவிட்டால் போதும், அன்றைய சாயங்காலம் முழுவதும் அதன் பிராயச்சித்தத்திலேயே கழிந்துவிடும். வீணை என்றால் தஞ்சாவூர், நாகசுரம் என்றால் நரசிங்கம்பேட்டை, கடம் என்றால் மானாமதுரை என்பது நம் பக்கத்துச் சம்பிரதாயம். முதல் இரண்டைப் பற்றி எனக்குக் கேள்வி ஞானம்தான். மூன்றாவது எங்கள் மதுரைச் சீமைக்கு உரியது. அதன் அபிமானி ஒருவர் எங்கள் தெருவிலேயே, அதுவும் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையிலேயே வாசம் செய்கிறபடியால், அதைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரமும் அனுபவமும் உண்டென்று கொள்ளலாம்.

மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் பாதையில், சிலைமானையும் திருப்புவனத்தையும் கடந்து, வைகையை விட்டு அதிகம் விலகாமல் சுமார் ஐம்பது கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் மானாமதுரை வந்துவிடும். அந்த வழி நெடுகப் பூமிக்கு மேலே இருப்பதைவிடப் பூமிக்குக் கீழே இருக்கும் பானைகளே அதிகமோ என்று தோன்றும்படியாக, வழியில் இருக்கும் கீழடியில் 2015-ஆம் ஆண்டு தொடங்கித் தோண்டத் தோண்ட ஓடுகளாகவே வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றின்மேல் பழந்தமிழ் எழுத்தில் மனிதர்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. இது என்னுடைய பானை, இதை எவரும் தொடக்கூடாது என்று பெயரெழுதி வைத்துக்கொள்ளும் குணம் வைகைக்கரையில் நேற்று முளைத்ததன்று என்பதற்கு இதைவிடப் பலமான சாசனம் வேண்டியதில்லை.

இந்த வாத்திய அபிமானப் பைத்தியம் நமக்கு மட்டும் உரியதா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் பெடல் ஸ்டீல் கிதார் என்றொரு வாத்தியம் இருக்கிறது. நான்கு கால்களின்மேல் பலகைபோல் படுத்திருக்கும் அதன் தந்திகளின்மேல் இரும்புக் கட்டையை வழுக்கவிட்டு, காலால் பெடலையும் முழங்காலால் நெம்புகோலையும் தள்ளி, வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுருதியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். பட்டி எம்மன்ஸ் என்ற மகாவித்வான் ஐம்பதுகளில் ஷாட் ஜாக்சன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, இருவர் பெயரையும் ஒட்டி ஷோ-பட் என்ற பெயரில் அந்தக் கிதாரைச் செய்து விற்றார்; அப்புறம் அதை விட்டு விலகி 1963-இல் எம்மன்ஸ் என்று தம் பெயரிலேயே தனி ஸ்தாபனம் கண்டார். இன்றளவும் அந்தத் தேசத்துக் கலைஞர்கள் ஷோ-பட் கட்சி, எம்மன்ஸ் கட்சி என்று பிரிந்து, நம் ஊர் வடகலை தென்கலையாருக்குச் சற்றும் குறையாத சிரத்தையோடு வாதம் செய்கிறார்கள். ஸ்தாபகரே நாமத்தை மாற்றிப் போட்டுக்கொண்டால் பக்தர்கள் என்னதான் செய்வார்கள்?

ஆனால் அந்தக் கிதாரில் சுருதியை மாற்ற இத்தனை பெடலும் நெம்புகோலும் இருக்க, எங்கள் மானாமதுரைக் கடத்தில் ஓர் ஆணிகூட இல்லை என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த வியாசத்தின் விஷயம் முழுவதும் அந்த இல்லாமையில்தான் இருக்கிறது.

கண்மாய்களிலிருந்து எடுத்துவந்த மண்ணைக் காயவைத்து, ஊறவைத்து, சலித்து, வைகை மணலைக் கூட்டி, காலால் மிதித்துப் பதமாக்கி, சக்கரத்தில் வனைந்து எடுத்த பிறகுதான் நிஜமான வேலை தொடங்குகிறது. உள்ளே ஒரு கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மறு கையால் மரப்பலகை கொண்டு, ஈரப் பானையைச் சுற்றிச் சுற்றி ஆயிரக்கணக்கான அடி அடிக்கிறார்கள். ஒரே சீரான கனம் வரும்வரை அந்த அடி நிற்பதில்லை. பிற்பாடு நிழலில் உலர்த்திச் சூளையில் வேகவைக்கிறார்கள். மேடையேறி அடிபடுவதற்கு முன்பே அடிபட்டுப் பக்குவமான ஜீவன் அது. இப்படித் தட்டித் தட்டியே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த மானாமதுரை மீனாட்சி அம்மாள் 2014-ஆம் ஆண்டில் சங்கீத நாடக அகாதெமியின் விருதைக் குடியரசுத் தலைவர் கையால் வாங்கினார். வித்வான்களுக்குப் பொன்னாடை போர்த்தியே பழகிய உலகத்தில், பானை செய்த கைக்கு ஒரு தடவை மரியாதை நடந்தது என்பதைக் கேட்டபோது எனக்கு உண்டான திருப்தி கொஞ்சமன்று.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பானை ஏறக்குறைய எட்டுக் கிலோ கனக்கிறது. சென்னையில் கிடைக்கும் கடம் இலேசானது. பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளியிலும் கடம் செய்கிறார்கள். சென்னைக் கடத்தில் விரல்பட்டால் நாதம் பேசும், கைக்கு நோவில்லை. மானாமதுரைக் கடமோ விரல் பட்டதை ஒரு பொருட்டாகவே மதிக்காது. அதற்குத் தட்டு வேண்டும், அதுவும் நகமும் எலும்பும் உணரும்படியான தட்டு வேண்டும். அப்படித் தட்டினால் மண் என்பதை மறந்து வெண்கலம்போல் கணீரென்று பதில் சொல்லும். வாயை வயிற்றில் அணைத்து, அணைப்பை நெகிழ்த்தி இறுக்கினால், பள்ளத்திலிருந்து எழும் கும்கி வரும். இந்தக் காரியத்துக்காகத்தான் கட வித்வான்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவந்தார்கள். வாத்தியத்தில் பாதி குயவர் செய்தது, மீதிப் பாதி வீட்டுச் சமையல் செய்தது என்பது என் தாழ்மையான சித்தாந்தம்.

எங்கள் எதிர்வீட்டு அண்ணா இந்தக் கடத்தோடு நடத்திவரும் குடித்தனத்தைச் சொல்லாமல் விட முடியாது. அவர் வீட்டுச் சமையலறையில் மண்பாத்திரம் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் எவர்சில்வர். கூடத்தில் மட்டும் வைக்கோல் பிரிமணையின்மேல் நான்கு பானைகள் பட்டுத்துணி போர்த்திக்கொண்டு வீற்றிருக்கும். சித்திரை மாதத்தில் ஊரிலிருந்து வந்த ஒரு கிழ உறவினர், வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அவற்றில் ஒன்றில் தண்ணீர் ஊற்றி வெட்டிவேரும் போட்டுவைத்துவிட்டார். அன்று அண்ணா பேசியவற்றை அச்சில் ஏற்றுவதற்கில்லை. "தண்ணி என்னமோ ஜில்லுனுதான் இருந்துச்சு" என்று உறவினர் கடைசிவரையில் சாதித்துவிட்டு ஊர்போய்ச் சேர்ந்தார்.

ஒரு சமயம் அண்ணா, பதினெட்டு வருஷமாகத் தம்மிடம் இருக்கும் ஒன்றரைக் கட்டைச் சுருதிக் கடத்துக்கு ஜோடி தேடி, அந்தக் கடத்தையே மடியில் வைத்துக்கொண்டு மானாமதுரைக்குப் பேருந்தில் புறப்பட்டபோது துணைக்கு நானும் போனேன். நடத்துநர் வந்து பானைக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொன்னார். அண்ணாவுக்கு அது சுமை என்று எவர் சொன்னாலும் பொறுக்காது.

"மடியில உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு டிக்கெட் உண்டாய்யா?" என்று கேட்டார்.

"குழந்தைக்கு வயசு என்ன ஆகுது?"

அண்ணா சத்தியம் தவறாதவர். "பதினெட்டு" என்றார்.

"அப்ப முழு டிக்கெட்டு" என்று கிழித்துக் கொடுத்துவிட்டு நடத்துநர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

மானாமதுரையில் கடம் செய்யும் வேளார் வீட்டு முற்றத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த பானைகளினிடையே அண்ணா நடத்திய பரீட்சையை இன்னமும் என்னால் கண்முன் கொண்டுவர முடிகிறது. ஒவ்வொன்றையும் நிமிர்த்தி, கழுத்தில் நகத்தால் ஒரு சுண்டு, வயிற்றில் மோதிர விரலால் ஒரு தட்டு, அடியில் உள்ளங்கையின் கீழ்ப்புறத்தால் ஒரு குத்து, பிறகு வாயருகே காதை வைத்து நாதம் அடங்கும்வரையில் கண்ணை மூடிய ஒரு மௌனம். கழுத்து நன்றாகப் பேசினால் அடி பேசாது. அடி பேசினால் வயிற்றின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரு நூல் பேதம் இருக்கும். ஒரே மண், ஒரே கை, ஒரே சூளை; ஆனால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்கு இல்லை. மத்தியானம் வரையில் பொறுத்துப் பார்த்த வேளார், அண்ணா ஒரு பானையைக் கையில் வைத்துக்கொண்டு "இது கால் கட்டை இறங்கியிருந்தா எடுத்துக்குவேன்" என்று பெருமூச்சு விட்டதும், "அது நம்ம சொன்னா கேக்காதுய்யா. சூளை சொன்ன எடத்துலதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

கட வித்வானின் சகல கஷ்டங்களும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன. மிருதங்கக்காரருக்குக் கல்லும் கட்டையும் இருக்கின்றன. தட்டிச் சுருதி சேர்த்துக்கொள்வார். பிடில்காரருக்குப் பிருடை இருக்கிறது. கடத்துக்கோ கழுத்தோரம் துளிக் களிமண்ணை அப்பி மயிரிழை சரிசெய்யலாம், அவ்வளவுதான். ஆகையினால் ஆண் பாடகருக்கு ஒரு கடம், ஐந்து கட்டையில் பாடும் அம்மாளுக்கு வேறொரு கடம், ஐந்தரைக் கட்டைக்கு இன்னொன்று என்று ஒரு குயக்குடியையே சுமந்துகொண்டு திரிய வேண்டியிருக்கிறது. அதற்கப்புறமும் பிராரப்தம் விடுவதில்லை. தல்லாகுளத்தில் லட்சுமி சுந்தரம் ஹாலில் கச்சேரி என்று தக்க பானையோடு போய் இறங்கினால், பாடகர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து, தொண்டை சரியில்லை, இன்று அரைக் கட்டை குறைத்துக்கொள்கிறேன் என்பார். மற்றவர்கள் இரண்டு நிமிஷத்தில் குறைத்துக்கொள்வார்கள். கட வித்வான் மட்டும், அடுப்பில் ஏற்றிய உலையைப் பார்ப்பதுபோல் தம் பானையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மதுரை சோமு கச்சேரியில் பக்கவாத்தியங்கள் மேடைகொள்ளாமல் நெருக்கி உட்கார்ந்திருந்ததைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அத்தனை பேரில் சுருதிக்காகப் பயந்துகொண்டு உட்கார்ந்தவர் கடக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இத்தனை இம்சையும் பொறுத்துக்கொண்டு இந்தக் கனத்த பானையின்மேல் இப்படியொரு மோகம் எதற்கு என்ற கேள்விக்கு, விஞ்ஞானிகள் வாயிலாக விடை தேடினேன். 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து ஓட்டல் அறையொன்றில் 21 வயலின் கலைஞர்களுக்கு, பார்வையை மறைக்கும் கண்ணாடியை மாட்டி, பழைய மரவாசனை காட்டிக்கொடுத்துவிடாதபடி முகவாய் வைக்கும் இடத்தில் அத்தரும் தடவி, இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒரு குவார்னேரி ஆகிய பழம்பெரும் வயலின்களையும் மூன்று புதிய வயலின்களையும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எது பழையது, எது புதியது என்று பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. அதிகமானோர் விரும்பியது ஒரு புது வயலினை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. கோடிக்கணக்கான பணம், முந்நூறு வருஷத்துப் புகழ், எல்லாம் அந்த ஓட்டல் அறையில் அத்தர் வாசனையோடு கலந்து போயிற்று.

இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டுபோய், அண்ணாவுக்கும் கண்ணைக் கட்டி, மானாமதுரைப் பானையையும் சென்னைப் பானையையும் மாற்றி மாற்றி வைத்துச் சோதிக்கலாமே என்று யோசனை சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தாராளமாகக் கட்டு. எட்டுக் கிலோவை மடியில் வைத்த மாத்திரத்தில் தொடைக்குத் தெரியாதா?" என்றார்.

நான் சிரித்தேனே ஒழிய, யோசித்துப் பார்க்கையில் அவர் சொன்னதுதான் வாஸ்தவம் என்று பட்டது. காது எதற்கும் சம்மதித்துவிடும். அது சோம்பேறி இந்திரியம். அபிமானம் உட்கார்ந்திருப்பது தொடையிலும் விரல் கணுவிலும்தான். மானாமதுரைக் கடத்தில் பழகிய கைக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் வீக்கம், அப்புறம் காய்ப்பு, அதற்கும் அப்புறம் வேறொரு கனமான தட்டு வந்து சேர்கிறது. அந்தக் கையால் இலேசான பானையைத் தொட்டால், கதவு பூட்டியிருக்கிறதென்று நினைத்துத் தோளால் மோதியவன் திறந்த கதவு வழியே உள்ளே போய் விழுந்த கதையாகிவிடும். பானை தன் சுருதியை ஒருநாளும் மாற்றிக்கொள்வதில்லை. பதினெட்டு வருஷத்தில் அண்ணாவின் விரல், முதுகு, உட்காரும் விதம், சாப்பாட்டு அளவு அனைத்தும் மாறி அதற்குச் சுருதி சேர்ந்திருக்கின்றன. பெடலும் நெம்புகோலும் இல்லாத வாத்தியத்தில் நெம்பப்படுகிறவர் வாசிப்பவரே. இவ்வளவு செலவு செய்து தம்மைத் திருத்திக்கொண்ட பிறகு, மற்றோர் ஊர்ப் பானையும் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள எவருக்கு மனம் வரும்?

கட வித்வான் விக்கு விநாயக்ராம் இந்த மானாமதுரை மண்ணை எம்.எஸ். சுப்புலட்சுமியின் பக்கத்திலும் வைத்து வாசித்தார், ஜான் மெக்லாலினின் சக்தி குழுவில் வைத்தும் வாசித்தார். அவர் பங்குகொண்ட 'பிளானட் டிரம்' இசைத்தட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்து சேர்ந்தது. அந்தச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது அண்ணா, சர்க்காருக்கு இப்போதுதான் தெரிந்ததா என்று கேட்டுவிட்டு, பட்டுத்துணியை விலக்கி ஒவ்வொரு கடத்தையும் ஒரு தட்டுத் தட்டிவைத்தார்.

கடைசியாகச் சபா காரியதரிசிகளுக்கு அண்ணாவின் சார்பில் ஒரு விண்ணப்பம். கச்சேரிக் கடிதத்திலேயே பாடகர் எந்தக் கட்டையில் பாடுவார் என்பதைத் தெரிவித்துவிடுங்கள். அவருக்கு ஜலதோஷம் பிடித்தால் அதையும் மத்தியானத்துக்குள் சொல்லியனுப்புங்கள். வண்டிச் சத்தம் கொடுக்கும்போது பானைக்கும் சேர்த்து முழு டிக்கெட்டாகவே கொடுத்துவிடுங்கள்.