எந்தச் செட்டுடா பேராண்டி?

இங்கிலீஷ் பேசக் கத்துக்கிறேன்னு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போன, சரி. போன மகராசன் திரும்பி வந்து திண்ணையில சாஞ்சுக்கிட்டு, "தாத்தா, செட்டுங்கற ஒத்தை வார்த்தைக்கு ஆக்ஸ்போர்டு அகராதியில 430 அர்த்தமாம், எப்படி மனப்பாடம் பண்றது?"ன்னு மூக்கால அழுவுற. அது 1989-ல வந்த பதிப்போட கணக்குடா. அப்புறம் ‘ரன்’னு ஒரு வார்த்தை 600-ஐத் தாண்டி அதை முந்திருச்சாம், நம்ம ரிட்டயர்டு வாத்தியார் சொன்னாரு. ஓடுற வார்த்தை, முந்தாம என்ன செய்யும்?

மனப்பாடம் எதுக்கு? மூணாப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்ட நானே தினம் பத்து அர்த்தத்துல அதைப் புழங்குறேன். ஜீயபுரத்துல நம்ம வாழைக்குத் தண்ணி பாச்சறது பம்புசெட்டு. 1990-ல விவசாயி எல்லாருக்கும் கரண்டு சும்மான்னு ஆனப்புறம் அதுக்கு வந்த மவுசு இருக்கே! "செட்டுல குளிச்சிட்டு வரேன்"னு சொன்னா இங்கிலீஷ்காரன் பேந்தப் பேந்த முழிப்பான். நீ முழிப்பியா? துண்டை எடுத்துக்கிட்டு கூடவே கெளம்பிருவ. திருச்சி வானொலி 1939-ல பேச ஆரம்பிச்சப்புறம் ரேடியோ செட்டு வந்துச்சு. அப்பல்லாம் அதுக்கு போஸ்டாபீசுல லைசென்சுப் பணம் கட்ட வேண்டியிருந்துச்சு. காது குத்துன்னா மைக்செட்டு.

பொன்மலைக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பு வந்தது 1928-ல. அதே வருசந்தான் அந்த ஆக்ஸ்போர்டு அகராதியும் மொதமொதல்ல முழுசா அச்சாகி முடிஞ்சுதாம். அகராதிக்காரன் அங்க என்ன எழுதினானோ, பொன்மலைக்கு வேலைக்குப் போன நம்மாளு ‘லோகோ செட்டு’ன்னான். சரக்கு எறங்கற எடம் ‘குட்செட்டு’. அது ஷெட்டு தாத்தா, கொட்டகைன்னு நீ திருத்துவ. திருத்திக்கோ. நம்ம வாய்க்குள்ள வந்ததும் ரெண்டும் பங்காளியாயிருச்சு. வெள்ளைக்காரன் கோட்டைச் சுவரை இடிச்சு, அகழியைத் தூத்து, ரோட்டைப் போட்டு பூல்வார்டுன்னு பேரு வெச்சான். நாம மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டுன்னு ஊருக்குள்ள ரெண்டு புலியை அவுத்து விடலியா?

எத்தனை சேந்தா ஒரு செட்டுன்னு உன் வாத்தியாரைக் கேளு. ஓட்டல்ல பூரி செட்டுன்னா ரெண்டு. ரம்மியில மூணு இருந்தாலே போதும். மேளத்துல நாயனம், தவில், ஒத்து, தாளம்னு கூட்டிக்கிட்டே போகலாம். பல்செட்டுன்னா முப்பத்திரண்டுன்னுதான் நான் நம்பிக்கிட்டிருந்தேன். தில்லைநகர் டாக்டர் என் வாயில இருபத்தெட்டைத்தான் மாட்டி விட்டாரு. மிச்சம் நாலு எங்கன்னு கேட்டா, "ஞானப்பல்லெல்லாம் செட்டுல வராது பெரியவரே"ங்குறாரு. மனுசன் கெட்டிக்காரரு.

இதுக்கே மலைச்சா, காவிரிப் பாலத்தைத் தாண்டி சீரங்கத்துல என்ன பண்ணுவ? உத்தர வீதியில "சேவை ஆச்சா?"ன்னா பெருமாளைப் பாத்தாச்சான்னு அர்த்தம். வைகுண்ட ஏகாதசின்னா நம்பெருமாளுக்கு ரத்தினங்கி சேவை. அடுக்களைக்குள்ள போனா அதே சேவை நாழியில பிழிஞ்சு, எலுமிச்சம்பழம் விட்டுத் தாளிச்சு, இலையில இருக்கும். வருமானச் சான்றிதழ் வேணும்னா இ-சேவை. நான் எளவட்டமா இருக்கையில வாழைத்தார் எறக்கப் போன வீட்டுல ஒரு மாமி, "வந்ததுதான் வந்தே, சேவை ஆச்சா?"ன்னாங்க. "எங்கீங்க மாமி, காலையிலேர்ந்து பட்டினி"ன்னேன். சிரிச்சுக்கிட்டே இலையைப் போட்டுட்டாங்க. அர்த்தம் தெரியாமச் சொன்னேன்னு நெனச்சியா? நல்லாத் தெரியும். பசி.

வார்த்தை தனியா வந்து நின்னா அதுகிட்ட ஊரு பேரு விசாரிக்காத. கூட யாரு வந்திருக்கான்னு பாரு. பம்பு கூட வந்தா ஒரு மாதிரி, பல்லு கூட வந்தா வேற மாதிரி. 430-ம் இப்படி ஆளைப் பாத்து ஒட்டிக்கிட்டதுதான்.

எனக்குப் பிடிபடாத அர்த்தம் ஒண்ணே ஒண்ணு. போன வாரம் லால்குடியில பொண்ணு பாத்துட்டு வந்து, செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே "செட் ஆகல"ன்னியே, அது என்ன கணக்கு? நம்ம கொத்தனாரைக் கேளு. சிமெண்டு இறுக ஆரம்பிக்கவே அரை மணியாவது விடணும். முழுசா இறுக பத்து மணி நேரம் வரைக்கும் ஆகும். அப்புறம் நாள்கணக்கா தண்ணி கட்டணும். நீ பஜ்ஜி ஆறுறதுக்குள்ள முடிவு சொல்ற. சொஜ்ஜியை மட்டும் ரெண்டாந்தரம் வாங்கித் தின்ன, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

வார்த்தை என்னமோ வசதியான வார்த்தைதான். எங்க காலத்துல வேணாம்னா ஜாதகம் பொருந்தலன்னு ஜோசியர் தலையில பழியைப் போடுவோம். இதுல யாரு தலையிலயும் விழல பாரு.

காலையில தரகர் வந்தாரு. எப்படிடா பக்குவமாச் சொல்றதுன்னு நான் தொண்டையைச் செருமுறதுக்குள்ள அவரே முந்திக்கிட்டாரு: "பொண்ணுக்கு செட்டு ஆகலீங்க." பொண்ணு எம்.ஏ. இங்கிலீஷு. காலேஜு வாத்தியார் வேலைக்கு ‘செட்’டுன்னு ஒரு பரீட்சை வெக்கிறாங்களே, அது இன்னும் பாஸாகலன்னு சொன்னாரா, இல்ல உன்னையத்தான் சொன்னாரான்னு நான் கேட்டுக்கல. வேணும்னா நீயே ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வா. லால்குடிக்கு பஸ்சுக்கா பஞ்சம்?