தாய்மாமன் முகத்துக்கு எத்தனை ஜிபி?

கம்ப்யூட்டர் வாங்கும் முன் உங்கள் வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். என் வேலை எனக்குத் தெரியும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கேரம் போட்டி, கண்ணீர் அஞ்சலி ஆகிய நான்கு துறைகளிலும் திருவொற்றியூர் வட்டாரத்துக்கு டிசைன் செய்து கொடுப்பவன் நான். 50,000 ரூபாய்க்குள் பாகம் பாகமாக வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக்கொள்வது என்று முடிவெடுத்தேன். செய்தி எப்படித்தான் கசிந்ததோ, ஆளுக்கொரு யோசனையோடு வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவன் அக்கா மகன். கேம் ஆடுவதில் கரை கண்டவன். "இன்னா மாமா, கிராபிக்ஸ் கார்டு இல்லாம ஒரு சிஸ்டமா? வெளிய சொல்லிடாத" என்றான். உருப்படியான கார்டு ஒன்று வாங்கினால் பட்ஜெட்டில் பாதி அதற்கே போய்விடும். போட்டோஷாப்பும் கோரல் டிராவும் பெரும்பாலும் கேட்பது வேகமான பிராசசரும் தாராளமான ரேமும்தான். வீடியோ எடிட்டிங்குக்கும், பிளெண்டரில் செய்யும் முப்பரிமாண வேலைக்கும்தான் கார்டு உண்மையில் உழைக்கும். "காதுகுத்துக்கு எதுக்குடா முப்பரிமாணம்? குழந்தையே முப்பரிமாணத்துலதான் அழுவுது" என்று அவனை அனுப்பி வைத்தேன்.

ஆக, படம் காட்டும் வசதி பிராசசருக்குள்ளேயே இருக்க வேண்டும். ரைசன் 5 5600ஜி மாதிரி. 6 கோர், 65 வாட், உள்ளேயே கிராபிக்ஸ். கடையில் வேறொன்றை எடுத்து நீட்டினார்கள்.

"அண்ணே, இன்டெல்ல கடைசியில எஃப் போட்டது இருக்கு. வெலை கம்மி."

"படம் தெரியுமா?"

"கார்டு போட்டா தெரியும்."

"கார்டு?"

"அது தனிண்ணே."

இந்தப் பேச்சு நடந்தது ரிச்சி தெருவில். அங்கே போய்வருவதில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் ஒன்று உண்டு. எங்கள் தெருமுனையில் எண்ணூர் விரைவுச்சாலை. துறைமுகத்துக்கும் அங்கிருந்து வெளியேயும் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும். நான் வாங்கப்போகும் கேபினெட்டும் ஒருவேளை அதில் ஒன்றில்தான் வந்திருக்கும். அது என் வாசலைத் தாண்டி ஏதோ குடோனுக்குப் போகும். கை மாறி மாறி, மாறும்போதெல்லாம் விலையும் ஏறி, ரிச்சி தெருவுக்குப் போய்ச் சேரும். நான் தேரடியில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, அந்த அட்டைப்பெட்டியைத் திரும்ப இங்கேயே சுமந்து வர வேண்டும். "அண்ணே, அந்த ஒண்ண மட்டும் இங்க எறக்கிட்டுப் போங்க" என்று லாரி டிரைவரிடம் கேட்கச் சட்டம் இடம் கொடுத்தால் எவ்வளவு மிச்சம்!

அடுத்தது ரேம். இங்கேதான் குடும்ப அரசியல் நுழைகிறது. இருபதுக்குப் பத்தடி பிளெக்ஸ் பேனரை 72 டிபிஐயில் முழு அளவாகத் திறந்தால் சுமார் 15 கோடி பிக்சல். அச்சுக்கான நான்கு நிறத்தில் ஒரு பிக்சலுக்கு நாலு பைட். முழுப் பரப்பையும் அடைக்கிற ஒரே ஒரு லேயருக்கு ஏறக்குறைய 600 எம்பி. சின்னத் தாய்மாமன் படம் பெரிய தாய்மாமன் படத்தைவிட ஒரு விரற்கடை சிறிதாக இருந்தாலும் விருந்தில் கை நனைக்க மாட்டார். எனவே அவரையும் பெரிதாக்க வேண்டும். அவரைப் பெரிதாக்கினால் சித்தப்பா சும்மா இருப்பாரா? எல்லா முகங்களும் ஏறி முடிந்ததும் 8 ஜிபி ரேம் கையை விரித்துவிடும். ரேம் தீர்ந்தால் போட்டோஷாப் எஸ்எஸ்டியை எடுத்துப் பயன்படுத்தும் என்பதால், அதுவும் வேகமான என்விஎம்ஈயாக இருந்தால்தான் பிழைக்கலாம்.

16 ஜிபி என்று தீர்மானித்தேன். ஒரே 16 வேண்டாம், இரண்டு 8. இரண்டு ஸ்லாட்டிலும் ரேம் இருந்தால் தகவல் இரண்டு வழியாகப் போய்வரும். தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில், கிராபிக்ஸும் இதே ரேமிலிருந்து பங்கு கேட்கும் என்பதால், அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விலையைக் கேட்டபோதுதான் நெஞ்சு அடைத்தது. ஏஐ டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரியை எல்லாம் வாரிக்கொண்டு போனதில், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை மீன்பிடித் தடைக்காலத்துக் காசிமேட்டு வஞ்சிரம் மாதிரி ஆகிவிட்டது. வஞ்சிரத்துக்காவது ஜூன் 14 என்று ஒரு முடிவு தேதி இருக்கிறது.

கேபினெட்டுக்கு வருவோம். "ஏழு கலர் அடிக்கும்ணே, கண்ணாடி சைடு" என்றார் கடைக்காரர். எனக்குக் கலர் மானிட்டரில் தெரிந்தால் போதும். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டி காயப்போடுகிறவர் எங்கள் பக்கத்துக்குப் புதிதாகக் குடிவந்தவராகத்தான் இருப்பார், அப்படிப்பட்ட தூசி. கூடவே உப்புக்காற்று. முன்பக்கம் வலையும் அதன் பின்னால் கழற்றிக் கழுவும் பில்டரும் உள்ள கேபினெட்தான் இங்கே செல்லும். உள்ளே காற்றை இழுக்க இரண்டு பேன், வெளியேற்ற ஒன்று. உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால், தூசி சந்து பொந்து வழியாக நுழையாமல் பில்டரிலேயே மாட்டிக்கொள்ளும். உப்புக்கு முழு வைத்தியம் கிடையாது. திடீரென்று ஸ்கிரீன் கறுத்தால் ரேமைக் கழற்றி, அதன் கால்களைப் பள்ளிக்கூட ரப்பரால் லேசாகத் தேய்த்து மாட்டுவது எங்கள் ஏரியா மெக்கானிக்குகளின் கைவைத்தியம்.

கேபினெட் மேசைமேல்தான் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்தது. தரையில் வைக்கும் பெரிய டவர் எல்லாம் மேட்டுப்பகுதிக்காரர்களின் ஆடம்பரம்.

அம்மாவின் கவலை கரண்ட் பில். மானிட்டரோடு சேர்த்து 120 வாட் என்று வைத்தாலும், எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச யூனிட்டில் அறுபதை என் பேனர்களே தின்றுவிடும். "மிக்சியை நான் இருட்டுல ஓட்டணுமா?" என்றாள். பதில் இல்லை. மெஷின் ஓடும்போதே பூப்போட்ட துணியால் மூடிவைக்கிறாள் என்பது தனிக்கதை.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் ஊட்டும் எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் கூடாது. கேபினெட்டோடு இலவசமாக வருவது ஒரு மின்னழுத்த ஏற்றத்தில் மதர்போர்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சேரும். 600 விஏ என்று எழுதிய யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கார்டு இல்லாத என் மெஷினுக்கு அது தாராளம்.

மானிட்டர் ஐபிஎஸ் பேனல்தான். என் வாடிக்கையாளர்கள் குடும்பத்தோடு வருகிறவர்கள். ஆளுக்கொரு கோணத்தில் நின்று பார்ப்பார்கள். மலிவான டிஎன் பேனலில் நேரே உட்கார்ந்த மாமாவுக்கு மஞ்சளாகத் தெரிவது, பக்கவாட்டில் நிற்கும் அத்தைக்கு வேறாகத் தெரியும். மஞ்சள் நீராட்டு பேனரில் மஞ்சளே சர்ச்சைக்குள்ளானால் அப்புறம் தொழில் ஏது?

என் தீர்ப்பு இதுதான்: விளக்கு, கண்ணாடி, பெயர் எல்லாவற்றிலும் மிச்சம் பிடியுங்கள், எஸ்எம்பிஎஸ், ரேம், மானிட்டர் மூன்றிலும் பிடிக்காதீர்கள். "பில் போடணுமா சார்?" என்று கேட்டால், 18 சதவீத ஜிஎஸ்டியை நினைத்துக் கண் கலங்கினாலும், போடச் சொல்லுங்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும் நாளில் அந்தத் தாள்தான் சாட்சி. முகத்தை ஞாபகம் வைத்திருப்பார் என்று கடைக்காரரை நம்பாதீர்கள். அவர் ஒரு நாளில் பார்க்கும் முகங்கள் என் பேனரில் இருப்பதைவிட அதிகம்.