பெட்டை ஆடாப் பாத்துப் பிடி

மருமகனே, அக்ராவுல உன் முதலாளியோட நிலத்தகராறு கோர்ட்டுல கெடக்காமே. உன் அத்தைக்கு அந்தச் சேதி வந்ததுலருந்து தூக்கமில்ல. "கானாவுல ஜட்ஜுக்கு என்ன குடுப்பாக?"ன்னு என்னையப் பிடுங்குறா. அவகிட்ட சொன்ன ரோசனையத்தான் உனக்கும் சொல்லுதேன்.

முதல்ல சந்தைக்குப் போயி ஆடு ஒண்ணு பிடி. பெட்டை ஆடாப் பாரு. கூட நாலு பெருவள்ளிக் கிழங்கு. சிரிக்காதலே, அந்த ஊர்ல கைமாறுன சாமான்தான் இதெல்லாம். அனாஸ் அரெமயா அனாஸ்னு ஒரு பத்திரிகைக்காரரு, மூஞ்சி தெரியாம பாசிமணிச் சரத்தத் தொங்கவிட்டுக்கிட்டுத்தான் வெளிய தலகாட்டுவாரு. ரெண்டு வருசமா ரகசியக் கேமராவோட கோர்ட்டு கோர்ட்டா ஏறி எறங்கி, 2015-ல 34 ஜட்ஜுமாரு கைநீட்டுனதப் படத்துல காட்டிட்டாரு. அதுல 12 பேரு ஹைகோர்ட்டு.

ரொக்கம் வாங்குனவரை விட எனக்கு ஆடு வாங்குனவரு மேலதான் மரியாதை. ரொக்கத்த டிராயர்ல போட்டு மூடிரலாம். ஆடு கத்துமே! அதையும் கூசாம வாங்குதாருன்னா, கேக்க நாதியில்லங்கிற தைரியம் எம்புட்டு இருக்கணும்?

படத்த ஓட்டக்கூடாதுன்னு ஒரு ஹைகோர்ட்டு ஜட்ஜே வழக்குப் போட்டாரு பாரு, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கோர்ட்டு மேல அவருக்காவது நம்பிக்கை இருந்துச்சே! அப்படியும் படம் ஓடிருச்சு. கீழ்க்கோர்ட்டு ஆளுக 20 பேருக்கு அந்த டிசம்பர்லயே சீட்டு கிழிஞ்சுது. ஹைகோர்ட்டுக்காரகளத் தொடணும்னா ஜனாதிபதிக்கு மனு, தலைமை நீதிபதி பார்வை, அப்புறம் தனிக் கமிட்டின்னு சுத்து வழி. அதுவும் நியாயந்தான், ஆட்சிக்காரன் நெனச்சப்பல்லாம் ஜட்ஜத் தூக்கிரக் கூடாதுல்ல.

ஆகையால ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போறப்ப, கூட வாறவன் சட்டைப் பொத்தான ஒருதரம் உத்துப் பாத்துக்கோ. குமாஸ்தா வந்து "கயித்தக் குடுங்க, நான் சேத்திருதேன்"னா குடுத்திராத, பாதி வழியிலயே குழம்பாயிரும். இல்ல, நல்ல வக்கீலா வச்சு நேர்வழியில போறோம்னு உன் முதலாளி சொன்னா ரொம்பச் சந்தோசம். அப்பவும் ஆட்ட வித்திராத. தீர்ப்பு வாறதுக்குள்ள அது ஒரு மந்தையாயிரும்.