ஆளில்லாத் தீவுக்கு ஆகும் செலவு

மாலத்தீவு என்றதும் எல்லோர் கண்ணுக்கும் ஒரே படம்தான் வருகிறது: நீலக் கடலில் காலூன்றி நிற்கும் ஓலைக்கூரை வீடு, அதன் படிக்கட்டில் கால் நனைத்தபடி ஒரு புதுமணத் தம்பதி. படத்தைப் பார்த்த குடும்பத்தலைவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு, "அதெல்லாம் சினிமா நடிகர்கள் போகிற இடம்" என்று கொடைக்கானலுக்குப் பஸ் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அவர் கணக்கில் பிழை இருக்கிறது. படத்திலுள்ள சாமான்களுக்கு ஒவ்வொன்றாக விலை போட்டுப் பார்ப்போம். கடல் இலவசம். வெயில் இலவசம், அதுவும் கேட்டதற்கு மேலேயே கிடைக்கும். அந்த வெண்மணலில் பெரும்பகுதி பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் கழித்துவிட்டுப் போனது. அதற்குப் போய் எவரும் காசு கேட்க முடியாது. மிச்சம் இருப்பது படத்தில் இல்லாத ஒன்று: மற்ற மனிதர்கள். மாலத்தீவில் நம் பையைக் காலி செய்வது அந்த இல்லாமைதான்.

இது தற்செயலாக நடந்ததல்ல, ஏற்பாடு. சுமார் 1,200 தீவுகள் உள்ள அந்த நாட்டில் மக்கள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவான தீவுகளில். 1972-ல் ஓர் ஆளில்லாத் தீவில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தபோதே வழி வகுத்தாகிவிட்டது: வெளிநாட்டார் ஒரு தீவில், உள்நாட்டார் வேறு தீவில், ஒருவர் கண்ணில் மற்றவர் படவேண்டாம். ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்றால் அங்கே மின்சாரம், குடிநீர், குப்பை, கோழிமுட்டை எல்லாவற்றுக்கும் அந்த ரிசார்ட்டேதான் பொறுப்பு. குடிநீரைக் கடல்நீரில் உப்பை நீக்கி எடுக்க வேண்டும். வெங்காயமும் முட்டையும் இந்தியாவிலிருந்து வரவேண்டும். ஆயிரம் டாலர் அறையில் ஆம்லெட் சாப்பிடுகிறவர் நாமக்கல் முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும். பாவம், அவருக்குத் தெரியாது. தனிமையைத் தயாரிப்பதற்கு இவ்வளவு ஆள்பலம் வேண்டியிருக்கிறது.

அந்தத் தனிமைக்குப் போகிற வழியும் தனி. விமான நிலையத்திலிருந்து தொலைவான ரிசார்ட்டுகளுக்குப் பெரும்பாலும் கடல் விமானத்தில்தான் போகவேண்டும். போகவர ஆளுக்கு 400, 500 டாலர் என்பது சாதாரணம். இந்தியாவிலிருந்து தலைநகர் மாலே வந்துசேர்ந்த டிக்கெட்டே அதைவிடக் குறைவாக இருக்கும். கடல் விமானம் இருட்டினால் பறக்காது என்பதால், மாலையில் வந்து இறங்குகிறவர் மாலேயில் ஓர் இரவுக்கும் அழவேண்டும். பிறகு அறை வாடகைக்குப் பக்கத்தில் அடக்கமாக நிற்கும் அந்த இரண்டு கூட்டல் குறிகள். முதல் குறி சேவைக் கட்டணம், 10 விழுக்காடு. இரண்டாவது குறி அரசு வரி, 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. இரண்டாவது, முதலாவதின் தலையிலும் ஏறி உட்காரும். ஆக 100 டாலர் என்பது 128 டாலர் 70 சென்ட். பள்ளிக்கூடத்தில் கூட்டலுக்கு இவ்வளவு சக்தி உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வரி எல்லாருக்கும் பொதுதானே, எளிய விடுதியில் மட்டும் விட்டுவிடுவார்களா என்று கேட்கலாம். விடமாட்டார்கள். ஆனால் விழுக்காடு என்பது எதன்மேல் என்பதைப் பொறுத்தது. உள்ளூர் மக்கள் வாழும் மாஃபுஷி போன்ற ஊர்த்தீவுகளில் 50 டாலர் சுமாருக்கு அறை கிடைக்கிறது. அதில் 17 விழுக்காடு எட்டரை டாலர். 800 டாலர் அறைக்கு 136. அங்கே வரியாக மட்டும் கட்டுகிற பணத்தில் இங்கே இரண்டு ராத்திரி தூங்கி எழுந்து காலைச் சாப்பாடும் முடித்துவிடலாம். பசுமை வரியிலும் பேதம் உண்டு: ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், சிறிய விருந்தினர் விடுதியில் 6. இந்தியருக்குச் சுற்றுலா விசா, போய் இறங்கியதும் இலவசம். திருவனந்தபுரத்திலிருந்து வானவழியில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலையில் போகிற தூரம்கூட இல்லை.

ஊர்த்தீவுகளில் இன்றைய விருந்தினர் விடுதிகளுக்கு வழிபிறந்ததே 2008-ல் நடந்த பல கட்சித் தேர்தலுக்குப் பிந்தைய மாற்றத்தில்தான். மாஃபுஷிக்கு மாலேயிலிருந்து பொதுப் படகு ஒன்றரை மணி நேரம், கட்டணம் இரண்டு மூன்று டாலர். அந்தத் தீவில் ஒரு சிறைச்சாலையும் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அரசாங்கச் செலவில் தங்குகிறவர்களும் அங்கே உண்டு, நாம் அந்த அளவுக்குச் சிக்கனம் பிடிக்கவேண்டியதில்லை. காலையில் மஸ் ஹுனி: சூரை மீனைத் துருவிய தேங்காய், வெங்காயம், பச்சை மிளகாயோடு பிசைந்து, ரொஷி என்ற ரொட்டியோடு தருவார்கள். மாசிக் கருவாட்டுச் சம்பல் தெரிந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது வெளிநாட்டு உணவே இல்லை.

மலிவான இடத்தில் மலிவான கடல்தானே கிடைக்கும் என்பது அடுத்த ஐயம். மீன்களுக்கு நட்சத்திர விடுதிக் கணக்கு தெரியாது. பா பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று மிதவை உயிரிகளைத் தள்ளிக்கொண்டு வந்து குவிக்கும். அதைத் தின்ன மே முதல் நவம்பர் வரை ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வரும். அதே மாதங்களில்தான் மழைக்குப் பயந்து பயணிகள் வராமல் அறை வாடகை இறங்கும். எந்தச் செல்வந்தராலும் அந்தத் திருக்கைகளை ஜனவரிக்கு வரச்சொல்ல முடியாது. ஹனிஃபாருவில் சிலிண்டர் கட்டி முங்க யாருக்கும் அனுமதி இல்லை. எல்லோரும் மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு மேலாக மிதக்க வேண்டியதுதான். பக்கத்திலேயே தரவந்தூ என்ற ஊர்த்தீவில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. திமிங்கலச் சுறா பார்க்க விரும்புகிறவருக்குத் தெற்கு அரி பவளத்தீவுக் கூட்டத்தில் திகுரா என்ற ஊர்த்தீவும் அப்படியே.

வலுவான ஆட்சேபம் இன்னொன்று: ஊர்த்தீவில் மது கிடையாது, கடற்கரையில் நினைத்த உடையில் திரியவும் முடியாது. உண்மை. முஸ்லிம் நாடு, மது ரிசார்ட்டிலும் நங்கூரமிட்ட சில படகுகளிலும் மட்டும். நீச்சல் உடைக்கென்று தட்டி கட்டிய தனிக் கடற்கரை ஒன்று இருக்கும், அதற்கு 'பிகினி பீச்' என்றே பெயர்ப்பலகை. இதில் வரலாறு கொஞ்சம் சிரிக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய பயணி இபின் பதூதா அங்கே காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தபோது, உள்ளூர்ப் பெண்கள் மேலாடை அணியவேண்டும் என்று முயன்று தோற்றுப்போனதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கு அதே தீவுகளில் வந்தவர்களைப் போர்த்திக்கொள்ளச் சொல்கிறார்கள். எப்படியும், மாமியாரையும் அழைத்துக்கொண்டு போகிற நம் குடும்பத்துக்கு இந்த இரண்டு தடையாலும் இழப்பு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசியில் அந்தப் படம். தண்ணீர்மேல் வீட்டில் எடுத்த படம் இல்லாவிட்டால் போனதாகவே யாரும் நம்பமாட்டார்கள் என்பது நியாயமான கவலைதான். அதற்கும் வழியுண்டு: சில ரிசார்ட்டுகள் பகல்நேரச் சீட்டு தருகின்றன. காலையில் போய், ஓலைக்கூரை பின்னால் தெரியும்படி நாற்பது படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஊர்த்தீவுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் திரும்பும் தேதியை மட்டும் பார்த்து வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. பெரும்பாலான பொதுப் படகுகள் அன்று ஓடாது. சனிக்கிழமை காலை விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டு வெள்ளிக்கிழமை துறையில் போய் நிற்பவர், அதுவரை மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை விரைவுப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஊர் வந்து சேரவேண்டும்.