கடல் இல்லாத ஊரில் கப்பல் ஜோசியம்

கே: நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு, கம்ப்யூட்டரில் ஒரு வரிக் கட்டளை தட்டினால் கப்பல் எங்கே போகிறதென்று தெரிந்துவிடுமாமே?
- லாரி உரிமையாளர், நாமக்கல்

ப: தெரியும். ஆனால் கப்பலின் ஏ.ஐ.எஸ். கருவி செய்தி அனுப்பும் வி.எச்.எஃப். அலை சில பத்து கிலோமீட்டரில் களைத்துவிடும். உங்கள் ஊர்க் கோட்டைவரை ஏறி வராது. அந்தச் செய்திகளைக் கடற்கரையில் பதிந்த கோப்பு ஒன்றை 'ஜி.பி.எஸ்.டிகோட்' என்ற இலவச நிரலிடம் கொடுங்கள். இடத்தைச் சொல்லும் செய்தி, கிறுக்கல் போன்ற 28 எழுத்துகள். நிரல் அதை எழுத்துக்கு 6 பிட்டாகப் பிரித்து, கப்பலின் 9 இலக்க எண், இடம், வேகம் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடும். எண் 419 என்று தொடங்கினால் இந்தியக் கப்பல். உங்கள் லாரிக்கு டி.என். 28 மாதிரி!

கே: கப்பலிலும் ஏ.ஐ.எஸ்., பஸ்ஸிலும் ஏ.ஐ.எஸ். 140. இரண்டும் அண்ணன் தம்பியா?
- பஸ் டிரைவர், ராசிபுரம்

ப: பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். கப்பலில் இருப்பது தன்னை அறிவிக்கும் கருவி. பஸ்ஸில் இருப்பது இந்திய வாகனத் தர விதியின் எண்.

கே: ஜி.பி.எஸ். வரியில் '1113.2' என்று வருகிறது. நாமக்கல்லின் அட்சரேகை 11.132 தானே?
- கல்லூரி மாணவி, சேலம்

ப: அவசரம் வேண்டாம். முதல் 11 டிகிரி, மிச்சம் 13.2 நிமிடம். அதை 60-ஆல் வகுத்தால் 0.22. ஆக, 11.22 டிகிரி. உங்கள் கணக்கை நம்பினால் நாமக்கல் ஆஞ்சநேயர் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் தெற்கே தாவியிருப்பார். அவருக்குத் தாவுவது புதிதல்ல. லாரிக்கு டீசல் யார் போடுவது?