நான்காவது மூலை

ஸ்டார் ட்ரெக் பழம்பொருள் சேகரிப்பில் பொருள் இரண்டாம் பட்சம், அட்டைதான் முதன்மை. 1966 செப்டம்பர் முதல் 1969 ஜூன் வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 79 அத்தியாயங்கள் ஓடிய விண்வெளித் தொடர் அது. அதன் பெயரில் சேகரிக்கப்படுபவற்றின் வகைகள் இங்கே விளக்கப்படுகின்றன. சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு சேகரிப்பாளரின் வீட்டுக்கு மூலை நசுங்கி வந்த பார்சலுக்கும் இந்த விளக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதல் வகை, தொடரைப் பார்க்காமலே செய்யப்பட்டவை. கோல்ட் கீ நிறுவனம் 1967இல் தொடங்கிய காமிக்ஸின் ஆரம்பகால ஓவியர்களில் ஒருவரான ஆல்பர்டோ ஜியோலிட்டி இத்தாலிக்காரர், தொடரைப் பார்க்காதவர். அந்தப் புத்தகங்களில் தொடரின் விண்கப்பலான என்டர்பிரைஸ் தீபாவளி ராக்கெட் மாதிரி பின்னால் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கும். 1970களில், தொடரின் நாயகர்களில் ஒருவரான ஸ்பாக்கின் பெயரில் ஒரு தலைக்கவசம் விற்றது. உச்சியில் சிவப்பு விளக்கு, கூடவே சைரன். ஆம்புலன்ஸுக்கு வைக்க வேண்டியதை ஸ்பாக்கின் தலையில் வைத்தது ஏன் என்பதற்கு 79 அத்தியாயங்களிலும் விடை இல்லை. தொடரில் வரும் பல்லி உருவ வேற்றுக்கிரகவாசியான கோர்னுக்கு மெகோ நிறுவனம் செய்த பொம்மையில், அதே நிறுவனம் ஸ்பைடர்மேனின் எதிரிக்குச் செய்துவைத்திருந்த பல்லித் தலை, உடுப்பு தொடரின் வேறோர் இனமான கிளிங்கானுடையது. இரவல் தலை, இரவல் சட்டை. சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது இந்த வகைக்குத்தான்.

இரண்டாம் வகை, படப்பிடிப்புத் தளத்திலிருந்து வந்தவை. முதலில் ஒளிபரப்பான அத்தியாயத்தில் உப்பு உறிஞ்சும் பூதம் ஒன்று வரும். அதற்காக விதவிதமான நவீன உப்புக் குப்பிகளை வாங்கினார்கள். பார்ப்பவர்களுக்கு அவை உப்புக் குப்பி என்றே தெரியாது என்று சந்தேகம் வந்ததால், கப்பலின் மருத்துவர் மெக்காயின் அறுவைக் கருவிகளாக அவற்றுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆகவே இத்துறையில் ஆழ்ந்தவர்கள் பழைய சாமான் கடைகளில் சமையலறைப் பகுதியில்தான் காணப்படுவார்கள்.

மூன்றாவது, அட்டை. மெகோ பொம்மைகள் 1974 முதல் அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் வந்தன. அட்டைக்கு மூலை நான்கு. நான்கும் கூராக இருந்தால் அது சேகரிப்பு. மூன்று கூராக இருந்தால் அது பொம்மை. மூலையில் வெள்ளைக் கோடு விழுந்திருப்பது ஒன்று, மடிந்திருப்பது இன்னொன்று, மடிந்ததை யாரோ விரலால் நீவி நிமிர்த்தியிருப்பது மற்றொன்று. கடைசியதற்கு மன்னிப்பே கிடையாது. மூலையைப் பகலில் ஜன்னலோரம் ஒரு முறையும், இரவில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு முறையும் பார்க்க வேண்டும். இடது கீழ் மூலை அதிகம் அடிபடும் என்பார்கள் சிலர், வலது மேல் மூலை என்பார்கள் சிலர். இரு தரப்பும் பேசிக்கொள்வதில்லை. ஐம்பது ஆண்டுகள் யார் யார் வீட்டுப் பரணிலோ கிடந்து, குழந்தைகளின் கையில் சிக்காமல் தப்பிய மூலையை, நான்கே நாள் பயணத்துக்காக ஒரு மளிகைப் பையில் சுருட்டி அனுப்புகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். கேட்டால், “பொம்மை நல்லாத்தானே இருக்கு?” என்று பதில் வரும். வந்தது.

இனி பொம்மை. மெகோ பொம்மையின் கைகால்களை உள்ளிருந்து இழுத்துப் பிடிப்பது ஒரு ரப்பர் நாடா. வயதானால் அது தளரும்; கை தொங்கிவிடும். அட்டையைப் பிரிக்காதவரை தளர்ந்ததா இல்லையா என்று தெரியாது. பிரித்தால் தெரிந்துவிடும், ஆனால் பிறகு அட்டை இருக்காது. மூலைதான் போய்விட்டதே, பிரித்துப் பார்த்தால் என்ன என்று வீட்டிலிருப்பவர்கள் கேட்பதுண்டு.

மற்ற மூன்று மூலைகளும் நன்றாக இருக்கின்றன.